பிளஸ் டூ முடித்ததும் வெளிநாடா? ஒரு தணிக்கைக்காரரின் கணக்கு

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை நடத்திய பொங்கல் விழாவில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் முன்னிட்டு ஆற்றிய உரை)



நம் கிளைச் செயலாளர் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது, "சார், நான் கல்வி ஆலோசகன் இல்லையே" என்றேன். "அதனால்தான் கூப்பிடுகிறேன். அவர்கள் பேச வந்தால் பின்னாலேயே ஒரு ஸ்டால் போட வேண்டும் என்பார்கள். நீங்கள் ஒரு காபிக்குப் பேசுவீர்கள்" என்றார். காபி வந்துவிட்டது. ஆகவே பேசுகிறேன்.

நான் 1970-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, தணிக்கைத் துறையில் சேர்ந்து, 2009-ல் இதே ஊரில் ஓய்வு பெற்றவன். பௌதிகம் என்னை விட்டுப் போய்விட்டது. பிறர் எழுதிய கணக்கில் எங்கே இடிக்கிறது என்று பார்க்கும் புத்தி மட்டும் தங்கிவிட்டது. இன்று அந்தப் புத்தியை என் வீட்டுக் கணக்கின் மேலேயே காட்டப் போகிறேன். அதில் முதல் ஆட்சேபணை என் பேரில்தான்.

1996-ல் என் பெண் பன்னிரண்டாவது முடித்தாள். பம்பாயில் இருந்த என் மைத்துனர் உற்சாகப்படுத்தி, எஸ்.ஏ.டி. பரீட்சை எழுத வைத்து, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மனுப் போட வைத்தார். நானும் விளையாட்டாக நினைத்து, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் தபாலில் கனமான கவர் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, பாதி உபகாரச் சம்பளமும் உண்டு. மீதி வருஷத்துக்கு 14,000 டாலர் நாங்கள் கட்ட வேண்டும். அப்போது டாலர் 35 ரூபாய். கிட்டத்தட்ட 4 லட்சத்து 90 ஆயிரம். ஐந்தாவது சம்பளக் கமிஷன் வராத காலம். என் வருஷச் சம்பளமே ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது. நாலு வருஷச் சம்பளத்தை ஒரு வருஷத்துக்குக் கட்ட வேண்டும். முடியவே முடியாது.

ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை. "பெண் குழந்தையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்புவதா? இங்கே இல்லாத காலேஜா?" என்றேன். அவள் பதில் பேசவில்லை. கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இங்கேயே பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள், கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். குறை ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷம் கழித்து, வேறு ஏதோ பேச்சு நடுவில், கோபமே இல்லாமல் சொன்னாள்: "முடியாதுன்னு சொல்லியிருந்தேள்னா புரிஞ்சுண்டிருப்பேன்பா. நீங்க வேண்டாம்னு சொன்னேள்."

எங்கள் துறையில் இதற்குப் பெயர் உண்டு. ஒரு செலவை அதற்குரிய தலைப்பில் எழுதாமல் வேறு தலைப்பில் எழுதிவிடுவது. தொகை சரியாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், கணக்கு மட்டும் பொய். நான் பணம் என்ற தலைப்பில் எழுத வேண்டியதைப் பெண் என்ற தலைப்பில் எழுதினேன். ஊரான் கணக்கில் இதைப் பார்த்திருந்தால் சிவப்பு மசியில் அரைப் பக்கம் எழுதியிருப்பேன்.

இனி 2025-க்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெண், என் பேத்தி, சென்ற வருஷம் பன்னிரண்டாவது எழுதினாள். இங்கிலாந்தில் ஒரு நல்ல சர்வகலாசாலையில் பௌதிகம் படிக்க இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அங்கே மூன்று வருஷப் படிப்பு. என் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். பழைய பாக்கியைத் தீர்க்கச் சந்தர்ப்பம் வந்ததாக நினைத்து, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "என் டெபாஸிட்டில் 30 லட்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புனேக்குப் போனோம். சாப்பாட்டு மேஜையில் ஒரு முழு வெள்ளைக் காகிதத்தை விரித்தேன்.

கட்டணம் வருஷத்துக்கு 32,000 பவுண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சிக்கனமாக 12,000. அந்த அரசாங்கம் மாணவர்களிடம் வாங்கும் மருத்துவ வரி வருஷத்துக்கு 776. ஆக 44,776 பவுண்டு. ஏப்ரலில் பவுண்டு 113 ரூபாய் சுமாரில் இருந்தது. வருஷத்துக்கு 50 லட்சத்துக்கு மேல். மூன்று வருஷத்துக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டுகிறது. இதில் விமான டிக்கெட் இல்லை, கம்பளிக் கோட்டு இல்லை, வருஷா வருஷம் ஏறும் கட்டணம் இல்லை. அதே பவுண்டு 2025 முடிவில் 120-ஐத் தாண்டிவிட்டது. 121 என்று வைத்துக்கொண்டால், குழந்தை ஒரு புஸ்தகம் கூட அதிகமாக வாங்காமலே மூன்று வருஷத்தில் பத்து லட்சம் கூடுதல்! டாலரும் அந்த டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. என் பெண்ணின் கவர் வந்த நாளில் அது 35. பிளஸ் டூ முடித்துப் போகிறவன் மூன்று அல்லது நாலு வருஷம் ரூபாயில் சம்பாதித்து அந்நிய நாணயத்தில் கட்டுகிற குடும்பத்துப் பிள்ளை. ஒரு வருஷ எம்.எஸ்ஸி.க்குப் போகிறவனுக்கு இந்தக் காற்று அவ்வளவாக அடிக்காது.

பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி ஒரு நபருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப அனுமதிக்கிறது. ஆகவே அனுமதி பிரச்னையில்லை. ஆனால் 2025 ஏப்ரல் முதல், வருஷத்தில் 10 லட்சத்துக்கு மேல் கைப்பணமாக அனுப்பினால் வங்கி அதன் மேல் வரி பிடித்துக்கொள்ளும். அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போனால் இந்தப் பிடித்தம் கிடையாது. பிடித்தது ரிட்டர்னில் சரிக்கட்டப்படும், ஆனாலும் அதுவரை முடங்கும். விகிதத்தை அந்தந்த வருஷ பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் என்றால் 7.5 லட்சத்துக்கு மேல் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். ஈடு என்றால் பெரும்பாலும் நாம் குடியிருக்கும் வீடு. இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் தூங்க வேண்டும். 27-ம் நாள் எடுத்துப் போட்டால் போச்சு.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம் என்பது அடுத்த நம்பிக்கை. இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பதினெட்டு வயதில் போகிற பிள்ளை இருபத்தொன்று, இருபத்திரண்டில் வேலை தேடுவான். போகும்போது இருக்கிற சட்டம் அப்போதும் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இங்கிலாந்து 2021-ல் படிப்புக்குப் பின் இரண்டு வருஷம் தங்கி வேலை தேடலாம் என்றது; 2027 ஜனவரி முதல் மனுச் செய்கிறவர்களுக்கு அதைப் பதினெட்டு மாதம் என்று சுருக்கிவிட்டது. கனடா 2024-ல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு போட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 ஆக்கி, அடுத்த ஜூலையில் 2,000 ஆக்கியது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தது. அவரவர் நாடு, அவரவர் சட்டம். குறை சொல்ல நமக்குப் பாத்யதை இல்லை. ஆனால் அதை வரவு என்று இப்போதே எழுதிக்கொள்வது, வராத பணத்துக்கு ரசீது போடுவது.

"ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?" என்று வாசலில் ஒரு மாமி கேட்டார். அரசாங்க சர்வகலாசாலைகளில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் பட்டப்படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். நம் பன்னிரண்டாவது மட்டும் பொதுவாகப் போதாது, ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு வருஷமாவது கல்லூரி, அல்லது அங்கே ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு. இலவசம் என்ற வார்த்தைக்குப் பின்னால் இத்தனை வரி இருக்கிறது, மாமி.

டாக்டர் படிப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. நீட் தேறாமல் போனால் திரும்பி வந்து இங்கே டாக்டராக முடியாது. 2021-ல் வந்த விதிகளின்படி படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது, பயிற்று மொழி ஆங்கிலம், தவிர ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். 2022-ல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்பில் திரும்பி வந்த பிள்ளைகளின் முகம் ஞாபகம் இருக்கட்டும்.

நான் போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் துறைக்கு ஒரு பெருமை உண்டு. சர் சி.வி. ராமன் 1907-ல் பதினெட்டு வயதில் கல்கத்தாவில் அஸிஸ்டண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர்! அவரை மேல்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பலாம் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். பரிசோதித்த சென்னை சிவில் சர்ஜன், இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று எழுதிவிட்டார். அவர் முதல் தடவை கடல் தாண்டியது 1921-ல். அவருடைய அண்ணா பிள்ளை சந்திரசேகர் வேறு மாதிரி. அவருடைய தகப்பனாரும் நம் தணிக்கைக்காரர்தான், ரயில்வேயில். பிள்ளை சென்னை மாகாணக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். பத்தொன்பது வயது. வெண்குறு நட்சத்திரங்களைப் பற்றிய அந்தப் பிரசித்தமான கணக்கைக் கப்பலிலேயே போட்டார். அவர் புறப்படும்போது தாயார் படுக்கையில். போய் வா என்று சொன்னவரே அந்த அம்மாள்தான். அடுத்த வருஷம் காலமானார். பிள்ளை தாயாரைத் திரும்பப் பார்க்கவில்லை.

மேதைகளைச் சொல்லிப் பிள்ளைகளின் வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது. இதை வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். சந்திரசேகர் இங்கே பட்டம் வாங்கிவிட்டுப் பிறர் பணத்தில் போனார். பிற்காலத்தில் வெங்கி ராமகிருஷ்ணனும் 1971-ல் பரோடாவில் பி.எஸ்ஸி. முடித்துத்தான் அமெரிக்கா போனார். விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் போனால் நாம் கட்ட வேண்டும். அதே இடத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளி, மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். 2025-ல் அங்கே ஆராய்ச்சி நிதி சுருங்கி, பல துறைகளில் இடங்களைக் குறைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும் நாலு வருஷம் பொறுத்தால் செலவுப் பக்கம் வரவுப் பக்கமாக மாற இடமிருக்கிறது. வேறு எந்த முதலீட்டில் இப்படி நடக்கிறது?

அப்படியானால் பதினெட்டிலேயே யார் போகலாம்? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவனானாலும் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, பிறகு தேவைக்குத் தகுந்த உதவி கொடுக்கிறார்கள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தால் யோசிக்காமல் மூட்டை கட்டலாம். கணிதத்தையும் சங்கீதத்தையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு நம் ஊரில் வழி குறைவு. அவனும் போகலாம். இங்கே ஜே.ஈ.ஈ. மெயின் பரீட்சைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் உட்கார்ந்து, ஐ.ஐ.டி.களில் 18,000 சொச்சம் இடத்துக்கு முட்டி மோதுகிறார்கள். அந்த ஆலையில் போய் அரைபட மனசில்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். கட்டச் சக்தி உள்ள குடும்பம் கட்டட்டும். ஆனால் எங்கே போனாலும் ரசம் வைக்கவும், ஜுரம் வந்தால் தானே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் படுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குக் கட்டடத்தில் ஒரு பையன் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினான். காஸ் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது.

புனே மேஜைக்குத் திரும்புகிறேன். காகிதத்தில் மொத்தத் தொகையை எழுதி அடிக்கோடு போட்டேன். எதிர்ப் பக்கத்தில் யார் யாரிடம் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். மாப்பிள்ளை சங்கடப்படாமல் தன் சேமிப்பு, வீட்டுக் கடன் பாக்கி எல்லாவற்றையும் எழுதினார். என் 30 லட்சத்தை நான் எழுதியபோதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "அது லிஃப்ட் இருக்கிற ஆத்துக்கு மாறறதுக்குன்னு வெச்ச பணம்னா." நாங்கள் இரண்டாவது மாடி. அவளுக்கு முழங்கால். நானே ஒதுக்கி வைத்த பணம்; பாவத்தைக் கழுவும் அவசரத்தில் ஒதுக்கீட்டை மறந்துவிட்டேன். சொந்த வீட்டுத் தணிக்கையில் இப்படியும் ஒரு ஆட்சேபணை.

என் பெண் விடவில்லை. பிளாட்டை ஈடு வைக்கலாம் என்றாள். அதுவரை மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "அம்மா, இது உன்னோட அட்மிஷன். என்னோடது இல்லை" என்றாள்.

மேஜையில் யாரும் பேசவில்லை. எனக்கு 1996 கவர் ஞாபகம் வந்தது. என் பெண்ணுக்கும் வந்திருக்கும்.

ஆனால் அந்தப் பதிலையும் நான் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. பணத்தைப் பார்த்துப் பயந்து குழந்தை ஆசையை முழுங்குகிறதோ என்னவோ! அதுவும் தப்பான தலைப்பில் எழுதுவதுதானே. "கொழந்தே, ஒண்ணு கேக்கறேன். பணம் ஆகாசத்திலேர்ந்து விழறதுன்னு வெச்சுக்கோ. போவியா, மாட்டியா? இப்பவே சொல்ல வேண்டாம்" என்றேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை காபி நேரத்தில் சொன்னாள்: "விழுந்தா போவேன் தாத்தா. ஆசை இருக்கு, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஆத்தை ஈடு வெச்சுண்டு அங்க உக்காந்தா எனக்குப் படிப்பு ஏறாது. நாலஞ்சு வருஷம் கழிச்சு அவா சம்பளத்துல போறேன்."

அவள் ஐசர் நுழைவுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்துக்கு ஜூன் தொடக்கத்தில் பதில் சொல்ல வேண்டும். தேர்வு முடிவு அதற்குள் வராது. ஒரு வார அவகாசம் கேட்கலாமா, இரண்டையும் பிடித்துக்கொள்ளலாமா என்று பெரியவர்கள் நாங்கள்தான் தவித்தோம். அவள் முதல் வாரத்திலேயே வேண்டாம் என்று எழுதிவிட்டாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் புனேயிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. என்று மனுவும் போட்டு வைத்தாள். அந்த மூன்று வாரம் என் பெண்ணுக்கும் எனக்கும் தூக்கம் இல்லை. கடைசியில் போபால் ஐசரில் இடம் வந்தது. ஐந்து வருஷப் படிப்பு. நாக்பூரிலிருந்து ஆறு மணி நேர ரயில். தீபாவளிக்கு எங்களிடம் வந்தவள் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். கூடப் படித்த சிநேகிதி மான்செஸ்டரிலிருந்து அனுப்புகிற படங்களையும் காட்டினாள். காட்டும்போது அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் காகிதத்தை என் பெண் மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள். 1996 கவருக்குள்ளேயே வைத்திருப்பதாக மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். கவரை இத்தனை நாள் வைத்திருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. நாங்கள் டிசம்பரில் லிஃப்ட் உள்ள வீட்டுக்கு மாறிவிட்டோம். புது விலாசம் செயலாளரிடம் இருக்கிறது.

அதே மாதிரிக் காகிதம், எண்கள் இல்லாமல் கட்டம் மட்டும் போட்டு, 50 நகல் எடுத்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். இடது பக்கம் பிள்ளைகள் எழுத வேண்டியது, வலது பக்கம் பெற்றோர் எழுத வேண்டியது. தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டு, அப்புறம் மேஜைக்கு வாருங்கள். பாட்டிகளுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

சர்க்கரைப் பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.